எனக்கு நானே அனுப்பிய மெயில்கள்

ஏப்ரல் 4, 2010, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்குப் போய்வந்தேன். கோயில் வாசலில் கை கொடுத்தவர்கள் எல்லாம் "டீச்சர் வரலியா?" என்று கேட்டார்கள். கோவில்பட்டியில் பரீட்சை டியூட்டி என்று சொன்னேன். ஈஸ்டர் அன்றைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் சபையார் நாகரிகம் தெரிந்தவர்கள்.

என் மனைவி சுகிர்தா போன ஜூனில் கோவில்பட்டிப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். அங்கேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தால் அவள் முட்டி தாங்காது. எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மதியம் முட்டைக் குழம்பு. பால் மீந்துவிட்டது. பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 6, செவ்வாய்

முதலாளி புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை என் தலையில் கட்டிவிட்டார். மெயில் வரும் போனாம். கடுகு கடுகாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருக்கும் இரண்டும் சேர்ந்து அமுங்குகிறது. கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வருகிறது என்ற தகவல் இனி மெயிலில்தான் வரும், நான் எங்கே இருந்தாலும் பார்த்து லாரிக்கும் ஆட்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கப்பல் ஏஜென்சியில் இருக்கிறேன். இதுவரை எந்தக் கப்பலும் என்னிடம் சொல்லாமல் வந்ததில்லை.

மெயில் முகவரி கேட்டார். எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். மகள் பெனிட்டா கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது உண்டாக்கியது. வீட்டுக்கு ஒரு போன் நம்பர் மாதிரி வீட்டுக்கு ஒரு மெயில். என் பெயரில் பாதி, சுகிர்தா பெயரில் பாதி. பெனிட்டா கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு அதில் பெரிதாக எதுவும் வருவதில்லை.

ஏப்ரல் 8, வியாழன்

போனில் மெயில் அமைக்கும் வேலையில் ஒரு நாள் போயிற்று. முதலில் போன் கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பி இன்டர்நெட் வாங்க வேண்டும். பிறகு உள்ளே வரும் சர்வர், வெளியே போகும் சர்வர், போர்ட் நம்பர். ஒரு புள்ளி விட்டுப்போனால் முதலிலிருந்து. கூட வேலை பார்க்கும் இசக்கியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னான். மெயில் பெட்டி சின்னது, நிறைந்துவிடும், அதனால் எடுத்ததும் சர்வரில் இருந்து அழித்துவிடு என்ற இடத்தில் ஒரு டிக் போடச் சொன்னான். வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் வைத்துக் கொடுத்தவரும் அப்போது இதையேதான் சொன்னார். போட்டேன்.

வேலைக்கு நடுவே இசக்கி, தன் மதினி தினமும் கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போய்வருவதாகச் சொன்னான். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பாளாம். எல்லோருக்கும் முட்டி ஒரே மாதிரி இருக்காது என்றேன்.

அப்புறம் ஒன்று. இந்த மாதம் முப்பதாம் தேதிதான் கடைசி. அதற்குள் எழுதிக் கொடுத்தால் பள்ளி நிர்வாகம் சுகிர்தாவை ஜூனில் தூத்துக்குடிக்கே மாற்றிவிடும். எழுதிக் கொடுக்காவிட்டால் இன்னும் மூன்று வருஷம் அங்கேதான். பொங்கலுக்கு வந்தபோது, எழுதிக் கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். உன் இஷ்டம் என்று சொன்னேன். அவளுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும் அல்லவா.

ஏப்ரல் 9, வெள்ளி

பகலில் ஆபீஸில் இருக்கும்போது மெயில் ஜோராக வருகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் போன் வாயை மூடிக்கொள்கிறது.

கஸ்டமர் கேரில் வித்யா என்று ஒரு பெண் பேசினாள். உங்களுக்கு நீங்களே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள் சார் என்றாள். அனுப்பினேன். போய்விட்டது என்று போன் சொன்னது. வரவில்லை.

ஏப்ரல் 10, சனி

இன்று பகலிலும் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், தெருமுனைக்குப் போனேன். கோடு கோடாகச் சிக்னல் இருக்கிறது. மெயில் இல்லை.

வித்யா, வெறும் 'டெஸ்ட்' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் குப்பை என்று நினைத்துத் தள்ளிவிடும், இரண்டு வரியாவது எழுதுங்கள் என்றாள். எனக்கு நானே என்னத்தை எழுத? 'டெஸ்ட். இன்று தோசை கருகிவிட்டது. கல்லை மாற்ற வேண்டும்' என்று எழுதினேன். போனில் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்தை வைத்துத் தமிழைத் தட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு வரிக்குள் விரல் வலி கண்டுவிட்டது.

வரவில்லை.

ஏப்ரல் 11, ஞாயிறு

'டெஸ்ட். ரசம் வைத்தேன். வாயில் வைக்க முடியாத புளிப்பு. மூன்று வேளையும் அதையேதான் சாப்பிட்டேன்.'

வரவில்லை.

மாற்றலாகிப் போனாள் என்று எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மை. மாற்றலை அவளே கேட்டு வாங்கினாள். கம்ப்யூட்டரையும் எடுத்துப்போனாள், கேள்வித்தாள் அடிப்பதற்கு. பெட்டியைப் போர்வையில் சுற்றி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன். ஜாக்கிரதை என்றேன். மானிட்டரைச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 13, செவ்வாய்

சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல சுகிர்தாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, அங்கே மழையா, இல்லை. கோவில்பட்டியில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லையாம். வியர்த்துக் கொட்டுகிறது என்றாள். வைத்துவிட்டோம்.

பிறகு டெஸ்ட் மெயில் அனுப்பினேன். 'இன்று நல்ல வெயில்.' வந்தது! அணைத்து அணைத்துப் போட்டதில் சரியாகிவிட்டது போலிருக்கிறது. கேசரி கிண்டிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, புதன்

அரசு விடுமுறை. பகலிலும் வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. கேசரி வீண்.

'டெஸ்ட். பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல நினைத்து நினைத்துப் பத்து மாதம் ஆகிறது. மறதி இல்லை. சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் ஒரு ஆள் குறைந்தது நிஜம் என்று ஆகிவிடும்.'

நீளமாக எழுதினால் வருகிறதா என்று பார்ப்பதற்காக எழுதியது. வரவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான்.

ஏப்ரல் 15, வியாழன்

இசக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தான். காலி. "காத்துல போயிருது அண்ணாச்சி" என்றான். படித்தவன் சொல்கிற பதில்.

சாயங்காலம் சுகிர்தாவிடம் பேசியபோது, வைக்கப் போகிற நேரத்தில், ரசத்துக்குப் புளி நெல்லிக்காய் அளவு போதும் என்றாள். ரசத்தைப் பற்றி இவளிடம் எப்போது சொன்னேன்? ஏதோ ஒரு நாள் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 16, வெள்ளி

'டெஸ்ட். உன் குடை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. தூசி தட்டுகிறேன். இடம் மாற்றவில்லை.'

வரவில்லை. எனக்கு நானே எழுதும்போது 'உன்' என்று எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. கைப் பழக்கம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போன் சரியாகிவிடுமோ என்று இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. சாயங்காலம் இந்த வேலை ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 18, ஞாயிறு

கப்பல் ஒன்று சொன்ன நாளுக்கு முன்பே வந்து நின்றுவிட்டது. நேற்றே மெயில் போட்டோம் என்கிறார்கள். எனக்கு வரவில்லை. லாரிக்குச் சொல்லவில்லை. முதலாளி துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். இந்த மாதத்துக்குள் போனைச் சரி பண்ணு, இல்லை என்றால் கப்பல் வேலையை இசக்கியிடம் கொடுத்துவிடுவேன் என்றார்.

சாயங்காலம் சுகிர்தா தானாகவே போன் செய்தாள். அதிசயம். கப்பல் முன்னாடியே வந்திருச்சே, அலைச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோவில்பட்டிப் பேப்பரில் எல்லாம் தூத்துக்குடிக் கப்பலைப் போடுகிறார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 20, செவ்வாய்

'டெஸ்ட். வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் புகார் சொன்னார்கள். குறைத்தேன். ஆனால் அணைக்கவில்லை.'

வரவில்லை.

ஏப்ரல் 21, புதன்

'டெஸ்ட். வெண்டைக்காய் மலிவு.'

வரவில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

இன்று போனில் சுகிர்தாவின் குரல் சரியில்லை. சாப்பிட்டாச்சா என்றால் ம் என்கிறாள். பிறகு, "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே" என்றாள்.

பொங்கலுக்குக் கேட்டதைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் கிளம்பும் முன்பு சொன்னதை இந்த டைரியில் இதுவரை எழுதவில்லை. "உங்க கூட இருக்கதும் தனியா இருக்கதும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. அங்க போனா ஒரு ஆளுக்குச் சமைச்சாப் போதும்" என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. கணக்கு டீச்சர், கணக்காகச் சொன்னாள். நானும் கணக்கு சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

மூன்று நாளாக டெஸ்ட் மெயில் அனுப்பவில்லை. சுகிர்தாவும் போனை எடுக்கவில்லை. ஒரு முறை எடுத்து, வேலையாக இருக்கிறேன் என்றாள்.

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி.

ஏப்ரல் 28, புதன்

மாலையில் பேய்க்காற்று, கோடை மழை. சுகிர்தாவுக்கு அடித்தேன். எடுத்தாள். அங்கேயும் காற்றாம், கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிறதாம், நாளை சாயங்காலம்தான் கரண்ட் வருமாம். மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று கேட்கவா போன் செய்தேன்? என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. போனைத் திறந்து தட்ட ஆரம்பித்தேன். எப்படியும் காற்றில்தான் போகப்போகிறது.

'டெஸ்ட். உன் இஷ்டம் என்று சொன்னது பொய். என் இஷ்டம் ஒன்று இருந்தது. நீ திரும்பி வர வேண்டும். அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வது என்று பயம். இந்த வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை சுகிர்தா. எழுதிக் கொடு. வா.'

அனுப்பினேன். சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் போன் டிங் என்றது. வந்துவிட்டது! நான் எழுதியது அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல், எனக்கே வந்து நிற்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன் சரியாகிவிட்டது.

படிக்கத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு முறைதான் படித்தேன். இரண்டு முறை.

ஏப்ரல் 29, வியாழன்

போன் சரியாகிவிட்டது என்று சொல்வதற்காகக் கஸ்டமர் கேருக்கு அடித்தேன். வித்யாவே எடுத்தாள். நல்ல பெண், எப்படி சார் சரியாச்சு என்று ஆசையாகக் கேட்டாள். தெரியாது, சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை, பள்ளிக்கூடம் இருந்தால் பகலில் வருகிறது, லீவு விட்டால் வராது என்று விளையாட்டாகச் சொன்னேன்.

"சார், இதே ஐடியை வேற ஏதாவது கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கீங்களா?"

சுகிர்தா எடுத்துப்போன கம்ப்யூட்டரைச் சொன்னேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். இரண்டு சாவி போட்ட தபால் பெட்டி மாதிரி சார். இரண்டு பேரும் எடுத்ததும் அழித்துவிடு என்று வைத்திருந்தால், யார் முதலில் திறக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கடிதம். அடுத்தவர் வந்து பார்த்தால் பெட்டி காலி.

சுகிர்தா பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் மெயிலெல்லாம் அங்கே. அவள் ஊரில் கரண்ட் போனால் இங்கே. தோசை, ரசம், பால், குடை, ரேடியோ எல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. அரை லிட்டர் சொல்ல வாய் வரவில்லை என்றது போயிருக்கிறது. போனை வைத்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவினேன். காது வரைக்கும் சுட்டது.

வெட்கம் அடங்கிய பிறகுதான் அடுத்தது உறைத்தது. எனக்கு வராததெல்லாம் அவளுக்குப் போயிற்று. எனக்கு வந்தது அவளுக்குப் போகவில்லை. நேற்று அங்கே கரண்ட் இல்லை. அந்த ஒன்று மட்டும் அவளிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

நாளை முப்பது. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். மெயில் ரிப்பேர் என்றேன்.

ஏப்ரல் 30, வெள்ளி

முதல் பஸ்ஸில் கோவில்பட்டி. சுகிர்தா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு மேலே மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டாள்.

பெட்டி நிறைய என் டெஸ்ட்டுகள். ஆனால் நான் அனுப்பியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. எல்லாம் எங்கள் பெயரில், எங்கள் முகவரிக்கு. நடுநடுவே நான் எழுதாதவை.

'தோசைக்கல்லை மாத்த வேண்டாம். வெங்காயத்தை வெட்டித் தேய்ங்க.'

'அரை லிட்டர்னு சொல்லாதீங்க.'

'குடை அங்கேயே தொங்கட்டும்.'

இருபதாம் தேதி: 'நேரா கேக்கேன். எழுதிக் குடுக்கவா? வான்னு நீங்க சொன்னா வாரேன்.'

அதற்கு அடுத்த நாள் என்னிடமிருந்து போன பதில், வெண்டைக்காய் மலிவு.

இருபத்திரண்டாம் தேதி: 'புரிஞ்சுது.'

ஒவ்வொரு நாளும் பதில் எழுதியிருக்கிறாள். மெயில் அனுப்பவும் எடுக்கவும் கம்ப்யூட்டரில் ஒரே பொத்தான். அமுக்கினால் பதில் வெளியே போகும், அடுத்த நிமிஷமே அதே கம்ப்யூட்டர் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்குப் போனதில் ஒரு நகல் தனக்கும் வருகிறது என்று நினைத்திருக்கிறாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நான் நேரில் பேச வெட்கப்பட்டு, டெஸ்ட் என்று பெயர் போட்டு எழுதுகிறேன் என்று நினைத்தாளாம். "போன்ல அதப் பத்திப் பேசினா எழுதுறத நிறுத்திருவீயன்னு பேசல" என்றாள். "எல்லாத்துக்கும் பதில் போட்டேன். நான் கேட்ட ஒண்ணுக்கு மட்டும் நீங்க பதில் போடல."

எனக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். வித்யா சொன்னதை, இரண்டு சாவியை, கரண்ட் போனதை எல்லாம் குழறிக் குழறிச் சொன்னேன். கணக்கு டீச்சர், சீக்கிரம் புரிந்துகொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை போட்டேன், இந்தா இதில் இருக்கிறது என்று போனைத் திறந்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதினது போதும். வாயால சொல்லுங்க."

கைக்குள் எழுதி வைத்திருக்கிற வார்த்தைதான். பார்த்துப் படித்தால்கூடப் போதும். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். போனை மூடிச் சட்டைப் பையில் போட்டேன்.

"வீட்டுக்கு வா, சுகிர்தா. எனக்கு முடியல."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். மேஜையிலேயே உட்கார்ந்து மாற்றல் கேட்டு எழுதினாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே போனேன். முட்டி வலி ஒன்றும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, விறுவிறு என்று நடந்தாள்.

மே 1, சனி

கம்ப்யூட்டரில் அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் நேற்று பஸ் ஏறினேன். இனி கப்பல் தப்பாது.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சுகிர்தா செவ்வாய்க்கிழமை வருகிறாள். காலையில் பால்காரர் மணி அடித்தார். ஒரு லிட்டர் வாங்கினேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வரும்போது, அவரிடம் சொல்ல வேண்டியது இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.